வாசலில் விட்ட செருப்பு

ரூபாவின் மேஜை மேல் என் செல்போன் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்மணி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலைத் தொங்கப் போட்டு உக்காராதீங்க. தெனமும் ரெண்டு பாதத்தையும் கண்ணாடி வெச்சுப் பாக்கோணும். விரலிடுக்குல ஈரம் நிக்கக் கூடாது. வெறுங்கால்ல நடக்கவே கூடாது. மாத்திரைய நேரத்துக்குப் போடறீங்களா? செருப்பு போடறீங்களா?"

நடுநடுவே இன்னொரு குரல் "செரிங்க" என்றது. "போடறனுங்க" என்றது. பிறகு மறுபடியும் அந்தப் பெண்மணி.

ரூபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது. மூச்சு விடாமல் பேசிய அந்தப் பெண்மணி நான்தான்.

"அக்கா, மொத்தம் நாப்பது நிமிஷம். அதுல பேஷண்ட் பேசினது அஞ்சு நிமிஷம் இருக்குமா?"

"கொஞ்சம் கூடவே இருக்கும்."

"நீங்க பேட்டி எடுக்கலக்கா. பிரசங்கம் பண்ணியிருக்கீங்க."

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. முதுநிலை நர்சிங் படிப்பில் கடைசி வருடம். ரூபா என் ஆய்வு வழிகாட்டி. இந்த ரூபாவுக்கு முதல் வருடத்தில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்தச் சொன்னால் அழுத பெண். மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவள். தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். இப்போது டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து என் குரலை எனக்கே போட்டுக் காட்டுகிறாள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அவள் சொன்னது சரி என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கதை கேட்டுப் பட்டமா?

ஆஸ்பத்திரியில் யாரிடமாவது "ஆய்வு செய்கிறேன்" என்று சொன்னால் முதலில் கேட்பது "எத்தனை பேஷண்ட்?" என்றுதான். நான் "பன்னிரண்டு" என்பேன். பன்னிரண்டு நூறா என்று கேட்பார்கள். இல்லை, வெறும் பன்னிரண்டு என்றால் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் எண்களோடு மல்லுக்கட்டினார்கள். கேள்வித்தாள், சதவீதம், கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அட்டவணை. நான் மட்டும் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து பேசி, பேசியதை எழுதி, அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடும் ஆய்வை எடுத்தேன். குவாலிடேட்டிவ் என்பார்கள். கணக்கு எனக்கு வராது, அதனால் தப்பித்தேன் என்று நினைத்துதான் எடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் உற்சாகமாக இருந்தார். "உனக்கு ஏத்த படிப்பு. நாள் பூரா பேசலாம்" என்றார். பேசக் கூடாத படிப்பு அது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பதிவு செய்த பேச்சை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். அதில் பட்ட பாடு தனி. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். கீழே மிளகாய் மண்டியில் மூட்டை இறக்குவார்கள், வீடே தும்மும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டே, முன்னும் பின்னும் ஓட்டி எழுதுவேன். முதல் மூன்று பேட்டிகளை அப்படி எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் மூன்றிலும் நோயாளி சொன்னது ஒன்றே ஒன்று. "எல்லாம் நல்லாப் பாத்துக்கறாங்க சிஸ்டர்."

ராஜேஸ்வரி

ரூபா போட்டுக் காட்டிய பதிவில் "செரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பெயரை நான் எழுதக் கூடாது. ஆய்வின் விதி அது. எண் கொடுப்பது வழக்கம். நான்காவது ஆள், எண் நான்கு என்று விளக்கினேன்.

"நம்பரு வேண்டாமுங்க. ரேசன் கடையில நிக்கற மாதிரி இருக்குது" என்றார். "எம்பேரு எனக்கே புடிக்காது. ராஜேஸ்வரின்னு போட்டுக்குங்க. சின்னதுலருந்து ஆசை."

ஆகவே அவர் ராஜேஸ்வரி. சொந்த ஊர் கௌதள்ளிப் பக்கம். எனக்குப் பக்கத்திலேயே கொள்ளேகால் என்பதால் பேச்சு உடனே ஒட்டிக்கொண்டது. அவரும் கணவரும் மைசூருக்கு வந்து வெகு நாளாகிறது. கணவர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. ராஜேஸ்வரி அதே பகுதியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வளாகத்தில் தோட்ட வேலை. ஐம்பதைத் தொடும் வயது, சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல்.

பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. கல் குத்தினாலும் தெரியாது. இடது காலில் சுண்டுவிரலை முந்தைய ஆண்டே எடுத்தாகிவிட்டது. இப்போது வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண். நான் வேலை பார்த்த கட்டுப் போடும் அறைக்கு வாரம் இரண்டு முறை வருவார். சுத்தம் செய்வேன், மருந்து வைப்பேன், கட்டுவேன். புண் கொஞ்சம் சுருங்கும். அடுத்த முறை வரும்போது பழையபடி வாய் திறந்திருக்கும்.

புண்ணுக்கு மேல் எடை விழக் கூடாது. அதற்காக மெத்தென்ற அடிப்பாகம் வைத்த நீலச் செருப்பு ஆஸ்பத்திரியிலேயே செய்து தருவார்கள். அவருக்கும் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் கேட்பேன், "செருப்பு போடறீங்களா?" ஒவ்வொரு முறையும் சொல்வார், "போடறனுங்க." நான் தாளில் ஒரு டிக் போடுவேன்.

நான் அவரைப் பேட்டி எடுத்த வாரம் சர்ஜன் புண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், மூடவில்லை என்றால் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டியதுதான். ராஜேஸ்வரிக்குக் கன்னடம் தெரியாதா என்ன! கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கட்டைவிரல் போனால் ஊன்றி நிற்க முடியாது, குந்தி உட்கார்ந்து களை பறிக்க முடியாது. வேலை போய்விடும்.

"பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தாளில் டிக் இருக்கிறது. காலில் புண் இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். இவர் செருப்பைப் போடாமலே போடுகிறேன் என்கிறார் என்றுதான் நான் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் பேட்டியில் அவ்வளவு பிரசங்கம்.

கமர்கட்டு வைத்தியம்

"அக்கா, நீங்க சொல்பா சும்மா இருக்க முடியுமா?" என்று கேட்டாள் ரூபா. கொஞ்சம் என்பது அவள் வாயில் கன்னடமாகத்தான் வரும்.

"முடியாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இருபது வருடமாக வார்டில் நின்றவள். ஒரு நோயாளி வாயைத் திறந்தால் பாதி வாக்கியத்திலேயே எனக்குப் பதில் வந்துவிடும். அதுதான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரூபா மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே கமர்கட்டு.

"ஒண்ணு வாயில போட்டுக்குங்க. கடிக்கக் கூடாது. கரையற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. அவங்க பேசட்டும். அவங்களும் பேசலேன்னா ரெண்டு பேரும் சும்மா இருங்க. அப்புறம் யூனிபார்ம் பேடா, புடவை போதும். அவங்க வீட்டுக்கே போங்க."

"இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல மௌனம் காக்கவும்னு இருக்கு. உங்களுக்கு அது போதாதுன்னு தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு ஹெப்பாள் பஸ் ஏறினேன். பையில் சம்மதப் படிவம், செல்போன், நான்கு கமர்கட்டு.

நாலு ஜோடி

வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ராஜேஸ்வரி வாசலுக்கே வந்து நின்றிருந்தார். "வாங்கம்மிணி, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்தார். ஆஸ்பத்திரியில் சிஸ்டர், வீட்டில் அம்மிணி. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். அங்கே ஏற்கெனவே மூன்று ஜோடி இருந்தன. கணவரின் பூட்ஸ், ஒரு ரப்பர் செருப்பு, பக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் நீலச் செருப்பு, துடைத்துச் சுத்தமாக.

அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நன்றாக வைத்திருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டு உள்ளே போனேன்.

பாய் விரித்து உட்கார வைத்தார். படிவத்தைப் படித்துக் காட்டினேன். எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற வரி வந்ததும், "வெலகறதுக்கா இத்தனை தூரம் பஸ்ஸேறி வந்தீங்க?" என்று சிரித்தார்.

"எந்திரிச்சதுலருந்து ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு ஒரு கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க அது?"

கன்னம் புடைக்க, "கமர்கட்டு" என்றேன். அவருக்குச் சர்க்கரை. ஒன்று எடுத்துக்குங்க என்று நீட்டவும் முடியாது. இந்த ஏற்பாட்டில் அந்த ஓட்டையை ரூபாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தச் சிரிப்பில்தான் பேச்சு தொடங்கியது என்று நினைக்கிறேன்.

விடியற்காலை எழுவார். கூட்டுவார். வெளிக்குழாயிலிருந்து கணவர் கொண்டுவரும் தண்ணீரை அண்டாவில் நிரப்புவார். அடுப்பு முன்னால் நின்று இட்லி, சோறு, குழம்பு. துணி அலசுவார். "ஏழு மணிக்குச் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிருவனுங்க. வேன் வந்துரும். அங்க ஒக்காந்துக்கிட்டுத்தான் வேலை. களை பறிக்கறது, செடி நடறது. சாயங்காலம் வந்து செருப்பக் கழட்டினா அப்பறம் ஊட்டு வேலைதான், படுக்கற வரைக்கும் நின்னுக்கிட்டேதான். ஞாயித்துக்கெழம முழுக்க ஊட்டுலதான்."

எனக்குக் கமர்கட்டு தொண்டையில் சிக்கப் பார்த்தது.

உட்காரும் நேரமெல்லாம் செருப்போடு. நிற்கும் நேரமெல்லாம் வெறுங்காலோடு, சிமெண்டுத் தரையில். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வெளியே அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தவறாமல் போட்டிருக்கிறார். வீட்டுக்குள் போடலாம் என்று ஒரு நினைப்பே அவருக்கு வரவில்லை. வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்று சொல்ல எனக்கும் வரவில்லை. வெறுங்கால் கூடாது என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். வாசலைத் தாண்டியபின் இருப்பதும் வெறுங்கால்தான் என்று எங்கள் இரண்டு பேரில் யாருக்கும் படவில்லை. நம் ஊர்க்காரர்கள் யாருக்குமே படாது.

வாயில் இனிப்பு இல்லாவிட்டால் அந்த நிமிடமே பிரசங்கத்தை ஆரம்பித்திருப்பேன். அடக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஊட்டுக்குள்ள போட்டா என்னங்க?"

அவர் கண் சுவரோரம் போனது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, அதில் சாமி படங்கள், விளக்கு. அங்கிருந்து இரண்டு எட்டில் அடுப்பு.

"சாமி இருக்கற எடத்துல எப்படிங்க? காலுதான் மரத்துப் போச்சு. மனசு மரத்துப் போகலீங்களே." பிறகு சட்டென்று, "நீங்க போடுவீங்களா?"

"இல்லீங்க."

"பாத்தீங்களா!"

ரங்கசாமியின் செருப்பு

அதன்பிறகு இருவரும் பேசவில்லை. கமர்கட்டு பாதிதான் கரைந்திருந்தது. பதிவில் அந்த இடம் இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டு டிவி கேட்கும், யாரோ பாத்திரம் தேய்ப்பது கேட்கும். என்னைப் பொறுத்தவரை என் உத்தியோக வாழ்க்கையிலேயே நீளமான அமைதி அது.

ராஜேஸ்வரிதான் பேசினார். சாமி படங்களைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக.

"பிளிகிரி ரங்கசாமிக்குச் செருப்புத் தெச்சு வெப்பாங்கல்லங்க?"

தலையசைத்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலை மேல் ரங்கசாமிக்குப் பெரிய தோல் செருப்பு செய்து கொண்டுபோய் வைப்பார்கள். சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடமாடுகிறார் என்று நம்பிக்கை. போகிறவர்கள் தலையில் அந்தச் செருப்பை வைத்து ஆசீர்வாதம் செய்வார்கள். நானும் தலை கொடுத்திருக்கிறேன்.

"அது கோயிலுக்குள்ளதான இருக்குது? சாமிக்கு ஆகாதுன்னா அங்க வெப்பாங்களா? தெருவுல மிதிக்காத செருப்பு அது. அதனால ஆகுது." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் அந்த மாதிரி ஒரு ஜோடி, தெருவையே பாக்காதது, குடுத்தீங்கன்னா ஊட்டுக்குள்ள போட்டுக்குவேன். சாமி பலகைய இவரு இன்னும் ஒசரத்துல தூக்கி அடிச்சுருவாரு. வெளக்குப் போடறப்ப மட்டும் கட்டில்ல ஒக்காந்துக்கறேன், இவரே போடட்டும்."

கணவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ஊட்டுக்குள்ள செருப்பா?" என்று தலையை நீட்டினார்.

"ரங்கசாமிகிட்டப் போயிக் கேளுங்க" என்றார் ராஜேஸ்வரி.

அவர் சுத்தியல் தேடப் போனார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது புதிய ஜோடி தயாராக இருந்தது. அதைத் தரையில் வைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் காலைத் தூக்கி வைத்து அளவு பார்த்தோம். செருப்பு செய்யும் அண்ணன் தன் வாழ்நாளில் இப்படி ஒரு அளவெடுப்பைப் பார்த்ததில்லை என்றார். துணியோடு சுருட்டி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார் ராஜேஸ்வரி.

எத்தனை பேர்?

மிச்சமிருந்த எட்டுப் பேரையும் வீட்டில் போய்த்தான் பார்த்தேன். முதல் மூன்று பேரிடமும் திரும்பப் போனேன். இரண்டு கிலோ கமர்கட்டாவது தின்றிருப்பேன், என் கடைவாய்ப் பல் அதற்குச் சாட்சி. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக்குள் செருப்புப் போட மருமகளுக்குப் பயந்தார். ஒரு பாட்டுக்காரம்மா சுருதிப்பெட்டி இருக்கும் அறையில் போட மாட்டேன் என்றார். ஆளுக்கு ஒரு காரணம், ஆளுக்கு ஒரு வழி. ஒருவருக்குச் சொன்ன வழி இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, எதிர்பார்த்ததைத்தான் கேட்டார். "பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு என்னம்மா சொல்லிவிட முடியும்?"

"எத்தனை பேர் செருப்பு போடறதில்லன்னு சொல்ல முடியாதுங்க சார். ஏன் போடறதில்லன்னு சொல்ல முடியும். இதுவரைக்கும் நாங்க கேட்ட கேள்வியே தப்புன்னும் சொல்ல முடியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வீட்டுக்குள் தன் அம்மாவும் வெறுங்காலோடுதான் நடப்பதாகவும், அம்மாவுக்கும் சர்க்கரை என்றும் சொன்னார். அப்புறம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் அவர் அம்மாவைப் பற்றிப் பேசினோம். ரூபா ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாயை மூடும்படி ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் கட்டுப் போடும் அறையில் இப்போது அந்த ஒற்றை டிக் கிடையாது. "வீட்டுக்குள் எப்படி?" என்று கேட்டு, சொல்வதை எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறோம். அதற்காக நான் போட்ட சண்டையை எழுதினால் என் மேலதிகாரி படிப்பார், ஆகவே வேண்டாம்.

ஆய்வேட்டில் இல்லாதது

ஒன்று மட்டும் ஆய்வேட்டில் இல்லை.

சர்ஜன் கொடுத்த ஒரு மாதம் முடிந்த அன்று ராஜேஸ்வரி வந்தார். கட்டைப் பிரித்தேன். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், சின்னப் பொட்டு அளவுக்கு. விரலால் அழுத்திப் பார்த்தேன். ஈரமில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. சர்ஜன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பெரளு இர்லி" என்றார். விரல் இருக்கட்டும் என்று அர்த்தம். மொழிபெயர்க்க அவசியமில்லாமல் ராஜேஸ்வரி கைகொட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அறையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே.

சர்ஜன் போனபின் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டே ராஜேஸ்வரி என்னைக் கேட்டார். கோபமில்லை, குறையில்லை. ஊர் விஷயம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

"ஏனம்மிணி, போன வருசமே நீங்க எங்கூட்டுக்கு வந்திருந்தீங்கன்னா அந்தச் சுண்டுவெரலும் இருந்திருக்குமில்லீங்க?"

அப்போதும் கட்டுப் போட்டவள் நான்தான். அப்போதும் டிக் போட்டவள் நான்தான். என் வாயில் கமர்கட்டு இல்லை. இருந்தும் பேச வரவில்லை.

அவர் என் தோளைத் தட்டிவிட்டு வேனைப் பிடிக்க ஓடினார். ஓடக் கூடாது என்று கத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ரூபாவிடம் சொன்னேன். இதுதான் என் ஆய்விலேயே முக்கியமான கேள்வி, சேர்க்க வேண்டும் என்றேன். அவள் செல்போனில் பதிவு செய்தீர்களா என்று கேட்டாள். இல்லை. பதிவில்லாததை, படிவத்தில் அனுமதி வாங்காததைச் சேர்க்க முடியாது. விதி அப்படி. போன வாரம் ராஜேஸ்வரியிடம் கேட்டேன், தாராளமாக எழுதுங்க என்றார். எழுதிவிட்டேன்.